நடுத்தூண்

பாடாங் செராயில், டயர் கடை மாடியில்
என் ஆபீஸ்.
செம்பனை லோரி போனால்
திரையில் அம்புக்குறிகூடக் கொஞ்சம் ஆடும்.

பூபாலன் உட்காரும் முன்பே சொன்னார்:
"பிளான்ல அந்த நடுத்தூண எடுத்துடும்மா.
மாப்பிள்ள மூஞ்சி பாதிப் பேருக்குத் தெரியாது."

எடுத்தேன். ஒரே சொடுக்கு.
ஐந்து மீட்டர் பத்தானது.
உத்திரக் கோடு வயிறு தள்ளிச் சிவந்தது.
"ஒங்க கம்ப்யூட்டர் பெரிசாக் காட்டுது."
தொய்வை ஐம்பது மடங்காக்கித்தான் காட்டும்;
சிவப்பைப் பெரிதாக்குவதில்லை.

மௌஸை வாங்கிக்கொண்டார்.
ஆழத்தைக் கூட்டினார். பச்சை.
ஆனால் மின்விசிறி தலையில் இடிக்கும்.
கம்பியைக் கூட்டினார்;
காங்கிரீட் நுழைய இடமில்லை.
சுமையைக் குறைத்தார்.
மேல்மாடியில் என்ன வரும் என்றேன்.
"சாப்பாட்டுக்கூடம். ஐந்நூறு பேரு."
அவரே அழித்து
பழைய எண்ணைப் போட்டார்.

கடைசியில் தூணைப் பிடித்து நகர்த்தினார்,
கோபித்துக்கொண்ட சம்பந்தியைக்
கைபிடித்து ஓரமாய் உட்கார வைப்பதுபோல்.
மூன்று மீட்டர். சிவப்பு.
இரண்டு. சிவப்பு.
ஒன்றரை.
"இதுக்கு மேல இவன் வரமாட்டான்," என்றார்.

ஆவணியில் மண்டபத்தின் முதல் கல்யாணம்.
எனக்குக் கிடைத்த நாற்காலி
அந்தத் தூணுக்கு நேர் பின்னால்.
கெட்டிமேளம் கேட்டது. தாலி தெரியவில்லை.
நான் எறிந்த அட்சதை தூணில் பட்டு
என் மடியிலேயே விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன்.
மேலே தடதடவென்று
முதல் பந்திக்கு ஓடுகிறார்கள்.
பூச்சில் ஒரு கீறல் இல்லை.