கூடுதல் வாய்கள்

வாகீசன் கல்கூர்லிச் சுரங்கத்துக்குப் போகும்போது
சாவியை மேசையில் வைத்துச் சொன்னது இவ்வளவுதான்:
"றேடியேற்றர் ஒழுகுது. மற்றபடி தங்கம்."
வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும்.
மூன்று மாதமாய்த் தங்கம்
டண்டினோங் வீட்டு வாசலில்
தன் பச்சைத் தண்ணீரின் மேலேயே நிற்கிறது.

யூலை. கார் உடைக்கும் முற்றத்தில்
கதவில்லாதவை, கண்ணில்லாதவை,
சில்லுக் கழன்று இரும்புக் கால்களில் நிற்பவை.
ஆறாவது வரிசையில் எங்களுடையதைப் போலவே ஒன்று.
அதே ஆண்டு, அதே சாம்பல் நிறம்,
பின்கண்ணாடியில் அதேபோல ஒரு கீறல் கூட.
ஆனால் அது ஒட்டோமற்றிக். எங்களுடையது மனுவல்.

"பொருந்துமா?"
ஜுமா கான் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினான்.
கதவென்றால் யோசிக்காமல் எடு என்றான், விளக்கும் அப்படியே.
ஸ்டார்ட்டர் என்றால் பல்லை எண்ண வேண்டும்.
அச்சுத்தண்டைத் தொடாதே, நீளம் வேறு.
பிறேக் மிதி?
அவன் சிரித்தான்.
அது இரண்டு மிதிக்குரிய இடத்தில்
அகலமாய் உட்கார்ந்து பழகியது, அக்கா,
கிளச்சுக்கு நகர்ந்து கொடுக்காது.

கழற்ற ஒன்றரை மணிநேரம்.
ஒரு நட்டு துருவைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியது.
தூக்கி வெளியே எடுத்தபோதுதான் கண்டேன்:
கீழ்த்தொட்டியில் கூடுதலாய் இரண்டு சின்ன வாய்கள்.
கியர்பொக்ஸின் எண்ணெய்
சூட்டோடு வந்து ஆறிப் போகிற வழி.
என் காரில் அந்தப் பக்கம் வர ஒருவருமில்லை.

"மூடிவிடு, தூசி போகாமல்.
தண்ணீருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
ஆனால் மாறிச் செய்துவிடாதே.
மனுவலின் றேடியேற்றரை ஒட்டோமற்றிக்கில் போட்டால்
எண்ணெய்க்குப் போக்கிடமில்லை,
கியர்பொக்ஸ் உள்ளேயே வெந்து சாகும்."

ஐம்பத்தைந்து டொலர்.
அடையாளம் கேட்டார்கள். லைசென்ஸை நீட்டினேன்.
நாற்பத்தொரு வயது, பச்சை 'பி',
நிபந்தனை என்ற இடத்தில் ஒற்றை எழுத்து.
ஜுமா கான் எட்டிப் பார்த்தான்.
பிறகு றேடியேற்றரைப் பார்த்தான்.
"ஒட்டோமற்றிக் மட்டும் என்று போட்டிருக்கு."
"ஓம்."
"அப்ப இதை ஆர் ஓட்டுறது?"
அவன் தமிழில் கேட்கவில்லை,
எனக்குத்தான் தமிழில் கேட்டது.

பழைய குழாயில் இரண்டு துண்டு வெட்டி
போல்ட்டைச் செருகி அந்த வாய்களை அடைத்தேன்.
தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழ் அடங்கும்வரை காத்திருந்தேன்.
சூட்டு முள் பாதியில் ஏறி நின்றது, நல்ல பிள்ளை மாதிரி.

இரவு வாகீசன் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.
"பொருந்திச்சுதோ?"
"றேடியேற்றர் பொருந்தீட்டுது."

வைத்துவிட்டு வெளியே போனேன்.
இத்தனை காலமும் ஓரமாய் இருக்கப் பழகிய
இடது காலைத் தூக்கி மிதியில் வைத்தேன்.
வாசலுக்குள்ளேயே, கேற்றைத் தாண்டாமல்,
முன்னே இரண்டு மீற்றர்.
குலுங்கி நின்றது.
திரும்பவும் சாவி.
பின்னே ஒன்றரை.
பக்கத்து வீட்டுத் திரை அசைந்தது.
திரும்பவும் சாவி.