பேகடா நிஷாதம்

மெய்யெழுத்துகள்தாம் முதலில் போயின.
க், ச், த், ப்
வல்லினம் எல்லாம் வாசலோடு நின்றுவிட
உயிரெழுத்துகள் மட்டும்
உள்ளே வந்து உட்கார்ந்தன.
'சாப்பாடு' என்று அவர் கூப்பிட்டால்
ஆ, ஆ, உ.
நாற்பது வருஷம் அகாரம் பாடிய காதுக்கு
அதுவே போதுமென்று
கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

பிறகு கெட்டில்.
இந்த மாதம் மட்டும் இரண்டு.
விசில் அடித்து ஓய்ந்து அடி கருகி
வீடெல்லாம் இரும்பு வாசம்.
பிறகு மழை.
சாட்ஸ்வர்த்தில் இந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல்
அது விழும் விதமெல்லாம் தெரிந்தவள்,
இப்போது கொடியில் புடவை நிறம் மாறுவதைப் பார்த்துத்தான்
எழுந்து ஓடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் பெயர் நொம்வூலா.
மழையில் பிறந்தவளாம்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள்,
இந்தப்பக்கம் கையில் பொத்தானோடு நான்.
ஒலி கேட்டால் அழுத்தவேண்டும்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
பாதியில் கதவைத் திறந்தாள்:
"மிஸஸ் மூட்லி, ஒலியே இல்லாத இடத்தில் அழுத்துகிறீர்கள்."
உண்மைதான்.
அவள் அனுப்பியவை
ஏறக்குறைய மிஸ்ர சாபுவில் வந்துகொண்டிருந்தன.
அடுத்தது எங்கே விழும் என்று
கைக்குத் தெரிந்துவிட்டது.
"அங்கே ஒன்று இருந்திருக்கவேண்டும்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
முதலிலிருந்து ஆரம்பித்தாள்,
இந்தமுறை தாளமே இல்லாமல்.

என் காதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள்.
இடமிருந்து வலமாக ஒரு கோடு,
ஒரு படி, இரண்டு படி, அப்புறம் ஒரே சறுக்கல்.
எத்தனையோ அவரோகணம் எழுதியிருக்கிறேன்,
இப்படியொன்று எழுதத் துணிந்ததில்லை.

வர்ணம் பாதியில் நிற்கிறது.
ஆகஸ்டில் மவுண்ட் எட்ஜ்கம்ப் மண்டபத்தில்
கெரூஷா வாசிக்கவேண்டும்.
முக்தாயி ஸ்வரம் வரை முடிந்து
சரணத்தில் மாட்டிக்கொண்டது,
ஒரே ஒரு நிஷாதத்தில்.

பேகடா வாசித்தவர்களுக்குத் தெரியும்.
அது காகலியும் இல்லை, கைசிகியும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே வாடகைக்குக் குடியிருப்பது.
கெரூஷா போனில் ஒரு முள் வைத்திருக்கிறாள்.
சுருதி சேர்ந்தால் பச்சை.
ஷட்ஜம், பச்சை. பஞ்சமம், பச்சை.
என் நிஷாதத்துக்கு அது பச்சை காட்டாது.
காட்டினால் அது பேகடா இல்லை.

வயலினைக் காறையெலும்பில் அழுத்தி
வில்லை இழுக்கிறேன்.
எலும்பு ஏதோ சொல்கிறது,
பழைய தந்தி மாதிரி, சுருக்கமாக.
மனசுக்குள் கேட்கும் நிஷாதம் தெளிவாகத்தான் இருக்கிறது.
ஆனால் அது போன வருஷத்து நிஷாதமா,
இல்லை எனக்குத் தெரியாமல்
இரவோடிரவாக நகர்ந்துவிட்ட வேறொன்றா?
ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் காது இல்லை.

நேற்று ராத்திரி லோட்ஷெடிங்.
விளக்கோடு சுருதிப்பெட்டியும் போயிருக்கிறது.
தெரியாமல் இருட்டில் வாசித்துக்கொண்டிருந்தேன்.
மெழுகுவத்தியோடு வந்த சொக்கலிங்கம்
எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.
முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர்.
என் கச்சேரிகளில் தூங்கியவர்.

இந்த ஒரு ஸ்வரம், எப்படி இருக்கிறது?
வாசித்தேன்.
உதடு அசைந்தது, புரியவில்லை.
மெழுகுவத்தியைத் தன் முகத்துக்குக் கீழே பிடித்து
ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:
"இறக்கம். பெடலில் கால் வைத்தாச்சு.
பிரேக் இன்னும் பிடிக்கவில்லை.
அந்த நேரத்தில் வருமே, அது."

சிரிப்பு வந்தது, கூடவே கோபமும்.
எந்த வித்வானும் இத்தனை கச்சிதமாகச் சொன்னதில்லை.
இழை இறக்கி வாசித்தேன்.
"இது பிடித்துவிட்டது."
இழை ஏற்றினேன்.
"இது ஆக்ஸிடென்ட்."
பழைய இடத்துக்கே திரும்பினேன்.
கட்டைவிரலை உயர்த்தினார்,
அதன்மேல் மெழுகு ஒழுகிக்கொண்டிருந்தது.

எழுதிவிட்டேன்.
அந்த நிஷாதத்தின் தலையில்
என்ன குறி போடுவதென்று தெரியாமல்
சின்னதாக ஒரு பஸ் வரைந்தேன்.
கெரூஷா கேட்பாள்.
கேட்கட்டும்.