சி என்றால் சூடு

சுஃப்ரேன் வீதி விடுதியிலிருந்து
காலை ஆறரைக்கு போன்:
"குழாய் தப்பாக இருக்கிறதாம், சவரிராயன்,
போலந்துக்காரம்மா நடுங்கிப்போய் நிற்கிறாள்."

மார்கழி.
ஸ்பேனர், டெஃப்லான் டேப், நாலு வாஷர்
பையில் போட்டுக்கொண்டு போனேன்.

குழாயில் தப்பில்லை.
இடப்பக்கம் ஹெச், வலப்பக்கம் சி,
சென்னை பாரிமுனையில் வாங்கிய செட்.
அவள் சி-யைத் திருகிவிட்டு
வெந்நீருக்காக அடியில் நின்றிருக்கிறாள்.
"என் மொழியில் சி என்றால் சூடு," என்றாள்.
"செப்வா."

சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.
இதே வீதியில் எட்டு வீடு தள்ளி
ஒரு நொத்தேர் வீட்டில்,
தொழிலுக்கு வந்த முதல் வாரம்,
சி-யைத் திறந்து கையை வேகவைத்துக்கொண்டவன் நான்.
அது பிரெஞ்சு சி. ஷோ.
இங்கிலீஷ் சி குளிரும், பிரெஞ்சு சி சுடும்.
யார் ஆண்ட வீடென்று தெரியாமல்
இந்த ஊரில் குழாயைத் திறக்கக் கூடாது.

பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டாள்,
தலை ஈரத்தோடு.
அவளுடையது பள்ளிக்கூடப் பிரெஞ்சு,
என்னுடையது சமையலறைப் பிரெஞ்சு.
இரண்டும் சேர்ந்தால் ஒரு ஊர் அளவுக்குப் போதும்.

ஊர் வ்ரோட்ஸ்வாஃப்.
நாலு தரம் சொல்லவைத்தேன், வாயில் நிற்கவில்லை.
யாரோ செக் பிரபுவின் பேராம் முதலில்.
போலந்து ராஜா, பொஹீமியா ராஜா,
வியன்னாக்காரன், பெர்லின்காரன்,
வந்தவன் ஒவ்வொருவனும் அந்தப் பேரைத் திருகி
தன் நாக்குக்கு இறுக்கிக்கொண்டிருக்கிறான்.
கடைசி இறுக்கில் அது பிரெஸ்லாவ்.
தீவு தீவாய் ஊர், நடுவில் ஓட்ரா ஆறு,
எண்ணி முடியாத பாலங்கள்.
"எங்களுக்கு ஒரே வாய்க்கால்," என்றேன்.
"அதைத் தாண்டத்தான் முந்நூறு வருஷம் ஆனது."

நாற்பத்தைந்தில் மூன்று மாச முற்றுகை.
பிறகு ஜெர்மன்காரர்கள் மூட்டையோடு மேற்கே போனார்கள்.
கிழக்கே எல்லைக்கோடு நகர்ந்ததில்
ஊரிழந்த ல்வூஃப்காரர்கள்
மாட்டு வேகனில் வந்து இறங்கினார்கள்.
அவள் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது.
யாரோ விட்டுப்போன மூன்றாம் மாடி.
யாரோ மடித்துவைத்த மேஜைத்துணி.
குழாயில் 'கல்ட்' என்று எழுத்து.
அதைத் தொட்டுத்தான் தினமும் பல் தேய்த்தார்.
அத்தை மட்டும் ஒரு பெட்டியைப் பிரிக்காமல்
பத்து வருஷம் கட்டியே வைத்திருந்தாள்,
வீட்டுக்காரன் திரும்பி வந்து கேட்டால்
உடனே கிளம்ப வேண்டுமே.

ஊரின் செங்கல் ரயிலேறி
வார்சாவைக் கட்டப் போனதாம்.
கல்லறைக் கற்கள்கூட நடைபாதைக்குப் போனதாம்.
இதைச் சொல்லும்போது
தன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

என் பங்குக்கு
ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்றைச் சொன்னேன்:
எங்கள் கோட்டையை இங்கிலீஷ்காரன்
கல் கல்லாய்ப் பிரித்தெறிந்தது.
"பிறகு?"
"பிரெஞ்சுக்காரன் வந்தான், பழைய கோட்டிலேயே கட்டினான்.
சுண்ணாம்பு குழைத்தது நாங்கள்.
நாங்கள் எங்கேயும் போகவில்லையே."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நல்லி சொட்டிக்கொண்டிருந்தது.
அவள் ஊரில் இந்த வார்த்தையைச் சொல்ல
ஆள் கிடைக்காது என்பது
எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

தொண்ணூற்றேழில்
ஓட்ரா ஊருக்குள் புகுந்ததாம்.
அப்பாவுக்கு ஐம்பத்தொன்பது.
நூலக வாசலில் விடிய விடிய மணல்மூட்டை அடுக்கினார்,
தனக்குப் படிக்க வராத
ஜெர்மன் புத்தகங்கள் நனையாமலிருக்க.
சேற்றுக் காலோடு படியேறி வந்து
"இனி இது நம்ம வீடு" என்றாராம்.

"அப்புறம் அந்தக் குழாயை மாற்றினாரா?"
தொழில் புத்தி, கேட்டுவிட்டேன்.
"இல்லை," என்றாள்.
"வாஷர் மட்டும்."

ஹெச்சையும் சி-யையும் இடம் மாற்றித் தரட்டுமா,
பத்து நிமிஷ வேலை, என்றேன்.
வேண்டாம், வியாழக்கிழமை கிளம்புகிறேன், என்றாள்.

வாசலில் விடுதிக்காரர் நூறு ரூபாயை நீட்டி
என்னப்பா கோளாறு என்றார்.

வாஷர், என்றேன்.