பதினேழாம் கட்டம்

தடைக்காலம் முடிந்து எட்டாம் நாள்.
மேட்டூர் திறந்து பத்தாம் நாள்.
தண்ணீர் இன்னும் கீவளூர் தாண்டவில்லை.
படகுகள் அக்கரைப்பேட்டைக்குத் திரும்பிவிட்டன.

என் பதிவேட்டில் பதினேழாம் கட்டம்:
கூர்மூக்கு வகை. எண்ணிக்கை. எடை.
அவ்வளவுதான் இடம்.
அதற்குள் அடங்க
இன்று இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.
ஈரத் தளத்தில் பக்கம் பக்கமாகப் படுத்து,
ஒரே வண்டிக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

முதலில் மயில்மீன்.
கீழ்த்தாடையிலிருந்து வால் கவை வரை
ஐந்தடி எட்டங்குலம்.
முப்பத்தொரு கிலோ.
முதுகு மடலை விரலால் நெம்பித் தூக்கினேன்.
உடம்பைவிட உயரமாக எழுந்தது,
கருநீலத்தில் மை தெறித்த புள்ளிகளோடு.
விரலை எடுத்ததும் சரிந்து
தன் பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்து கொப்பரான்.
என் தராசு ஏற்கவில்லை.
நான்கு பேர், ஒரு மூங்கில், சில கெட்ட வார்த்தைகள்,
பெரிய தராசில்
இருநூற்றுப் பன்னிரண்டு.
இதற்குப் பாய் கிடையாது, பிடரியில் ஓர் அரிவாள் மட்டும்.
கைத்துடுப்பை மடக்கிப் பார்த்தேன்.
மடங்கவில்லை.
செத்து ஒன்றரை நாளாகியும் மடங்கவில்லை.

"அது அப்படித்தாம்மா" என்றார் டிரைவர் வேதரெத்தினம்.
"உசுரோட இருக்கயிலயும் மடக்காது.
ஐஸ் அறையில எடத்த அடச்சிக்கிட்டு
வர்ற வழியெல்லாம் ஒரே சண்டை."

அவர் சொன்ன மற்றதையெல்லாம்
எழுத இடமில்லாததால் கேட்டுக்கொண்டிருந்தேன்.
மயில்மீன் கூட்டாளிகளோடு வருமாம்.
சாளைக் கூட்டத்தைப் பந்தாக உருட்டி
முறை வைத்து உள்ளே நுழையுமாம்.
ஒன்று வெட்டும்போது மற்றவை
பாய் விரித்து வேலி கட்டுமாம்.
தலைஞாயிற்றில், முறைத் தண்ணீருக்காக
என் அப்பாவும் சித்தப்பாவும்
ஒரே வரப்பில் மண்வெட்டியோடு நின்ற இரவை
நான் அவரிடம் சொல்லவில்லை.

கொப்பரான் ஒண்டி ஆள்.
ஓடுகிற சூரையை நடுவில் அடித்து,
மயங்கியதைத் திருப்பித்
தலையிலிருந்து விழுங்கும்.
"வயித்தக் கிழிச்சா முழுச் சூரை இருக்கும்.
வேணும்னா பந்தயம்."

கிழித்தார்கள்.
சூரை இல்லை.
மூன்று கணவாய் மூக்குகள், கொஞ்சம் தண்ணீர்,
அதற்கும் பின்னால்
என் கை நீளத்துக்கு இரண்டு பட்டை சினை.
இந்தப் பருமன் வந்தாலே பொம்பளைதான் என்று
ரோசம்மாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்.
பெயர் வைத்தவன் வயிற்றைப் பார்த்திருக்க மாட்டான்.

ஏலக்காரர் தில்லைநாதன் மணியை எடுப்பதற்குள்
மயில்மீனின் மூக்கைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
அரம் போன்ற பற்கள்
இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தன.
வாழ்நாள் முழுக்க ஒரே பக்கமாக வீசியிருக்கிறது.
நானும் இடக்கை.
நாடாவைத் தலைகீழாகப் பிடிக்கிறேன் என்று
பயிற்சியில் சிரித்தார்கள்.
ஆறும் ஒன்பதும் மாறாமல் படிக்க
எனக்கு ஒரு மாதம் ஆனது.

நாகூர் ஹாஜா மைதீன் இரண்டையும் எடுத்தார்.
மயிலுக்கு நூற்றெண்பது, மற்றதற்கு இருநூற்றிருபது.
"ரெண்டும் சண்டை போட்டா எது ஜெயிக்கும்?"
பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டார்.
யாரிடமும் பதிலில்லை.
கடலில் அவற்றுக்கு அப்படி ஒரு வேலை
வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு கத்தி.
துண்டானபின் எது எது என்று கேட்டேன்.
"செவப்பா இருக்கிறது மயிலு, வெளுப்பு கொப்பரான்.
கொழம்புல போட்டா ரெண்டும் பழுப்பு" என்றாள் ரோசம்மாள்.
நாளை மாயவரம் கடைத்தெருவில்
வஞ்சிரம் என்று சொல்லியும் விற்பார்கள்.

பதினேழாம் கட்டத்தில் எழுதினேன்:
இரண்டு. இருநூற்று நாற்பத்து மூன்று கிலோ.
கூட்டல் சரி.

இரவு எட்டு மணிப் பேருந்தில்
என் பக்கத்தில் வந்த பெண்
மூக்கைச் சுளித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.
இரண்டு பேர் இருக்கை முழுதும் எனக்கே.
ஜன்னலுக்கு வெளியே மணல், பாலம், மணல்.
முழங்கையை மடக்காமல்
நீட்டி வைத்துக்கொண்டேன்.