கண்ணில் மருந்து விட்ட செவ்வாய்க்கிழமை

சிவகாசியில், பதினெட்டு வருஷமாக,
நேரத்துக்குப் பிழைதிருத்துகிறேன்.
தினசரித் தாளின் அடியில், எறும்பு எழுத்தில்,
ராகு காலம், எமகண்டம், குளிகை,
சூலம் வடக்கு, பரிகாரம் பால்.
கண் போகாமல் என்ன செய்யும்.

முதலாளி வேன் வைத்து மதுரைக்கு அனுப்பினார்
எங்களில் பதினோரு பேரை.
ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு
கண்மணியை அகலத் திறந்துவைத்தார்கள்.
"சாயங்காலம்வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும்,
பயப்படாதீங்க" என்றது
நீல நிறமாக நின்ற ஒரு பெண்.

வேன் தெற்குவாசலில் நிற்கும்,
அஞ்சே கால், ஒரு நிமிஷம் தாண்டாது என்றார் டிரைவர்.
மணி மூணே முக்கால்.
"மஹாலைப் பாத்துருவமாக்கா" என்றாள்
பைண்டிங் மாரீஸ்வரி.

அந்த மஹாலை எனக்குத் தெரியும்.
ஆறு வருஷம் ஒரு நகைக்கடைக் காலண்டரில்
அதன் படத்துக்குக் கீழே
திருமலை நாயக்கர் மஹால், மதுரை என்று
எழுத்தெழுத்தாகச் சரிபார்த்திருக்கிறேன்.
படத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை.
படம் வேறு செக்‌ஷன்.

ஆட்டோ விளக்குத்தூண் பக்கம் மாட்டிக்கொண்டது.
தீபாவளிக்கு ஒன்பது நாள்,
ஊரே துணி எடுக்க வந்திருந்தது.
எனக்கு நிறம் மட்டும் வந்தது.
ஒரு ஆரஞ்சு நகர்ந்தது, ஒரு பச்சை பேரம் பேசியது,
ஒரு கறுப்பு "உள்ள வாங்கக்கா" என்று கையைப் பிடித்தது.
இறங்கி நடந்தோம்.

வாசலில் மாரீஸ்வரி நின்றுவிட்டாள்.
நாலு இருபது.
"செவ்வாய்க்கிழமைக்கா. ராகு காலம் தீர
இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு."
எனக்கா தெரியாது?
"ஒரு வருஷம் செவ்வாய்க்குப் புதன் நேரம் அச்சாகிப்போச்சு,
நாப்பதாயிரம் காப்பி.
எவன் வீட்லயும் இடி விழல. வாடி."

உள்ளே
முற்றத்து வெயில் மொத்தமும்
மூட மறந்த என் கண்ணுக்குள் கொட்டியது.
வெளுப்பு ஒன்று நின்றது, பக்கத்தில் இருட்டு ஒன்று,
அப்புறம் இன்னொரு வெளுப்பு.
தூண் என்று யூகித்துக்கொண்டேன்.
புறாக்கள் காதுக்கு வந்தன.

"இப்ப நிக்கிறது கால்வாசிதான்,
மிச்சமெல்லாம் போயிருச்சு" என்று
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிக்கொண்டு போனார்.
அந்தக் கால்வாசியில்
எனக்கு எத்தனை வாசி என்று கணக்குப் போட்டுச்
சிரித்துவிட்டேன்.

மாரீஸ்வரி போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்,
ஓடிக்கொண்டே வாசித்தாள்.
மேல பூ போட்டிருக்கு யாளி மாதிரி என்னமோ
நடுவுல ஒரு நாற்காலி சிம்மாசனமாம்
ஏறக்கூடாதுன்னு போட்டிருக்கு
மூலப்பிரதியை ஒருத்தி வாசிக்க
மற்றவள் புரூஃபில் விரல் வைத்துப் போகிற வேகம் அது.
என்னிடம் விரல் இருந்தது,
தாள் இல்லை.

ஆகவே ஒரு தூணைப் பிடித்தேன்.
குளிர்ந்திருந்தது.
கட்டிப்பிடிக்கப் பார்த்தேன்,
கை பாதிச் சுற்றுக்குக்கூடப் போகவில்லை.
இடுப்புயரத்தில் எழுத்து தட்டுப்பட்டது.
எவனோ ஆணியால் கீறி,
அதன்மேல் சுண்ணாம்பு அடித்து,
அடித்தும் அடங்காத எழுத்து.
கு. ம. ரே. ச. ன.
கடைசியில் புள்ளி இல்லை.
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.
அதற்கப்புறம் சுண்ணாம்பு கெட்டியாக இருந்தது,
அவள் பெயர் கிடைக்கவில்லை.
அந்த ன தலையில் ஒரு புள்ளி வைக்க
நகம் துடித்தது.
விசில் ஊதிவிட்டார்கள்.

அஞ்சு பதிமூன்றுக்கு வேன் ஏறினோம்.
கப்பலூர் டோல்கேட் வெளிச்சத்தில்
உலகம் திரும்ப வந்தது.
கார், ஜீப், வேன், ஒருமுறை செல்ல, இருமுறை செல்ல.
முழுசும் வாசித்தேன்.
பிழை இல்லை.

இன்று அடுத்த வருஷத் தாள் மேசைக்கு வந்திருக்கிறது.
புதுக் கண்ணாடி போட்டு
முதல்முறையாகப் படத்தைப் பார்க்கிறேன்.
மாரீஸ்வரி பின்னால் நின்று எண்ணுகிறாள்.
பதினாலு தூண், என்னா வரிசை பாருங்கக்கா.

நான் பார்த்தது ஒன்று.
அதுவும் பாதி.