முப்பத்தொன்றாவது மைல்

ஹேண்டில்பாரில் ஒட்டிய தாள் மார்லிஸ் எழுதியது.
பென்சில்தான். பேனா மழையில் அழுதுவிடும் என்பாள்.
முழங்காலுக்குள் உலோகம் வைத்த பிறகு
அவள் வருவதில்லை. தாள் வருகிறது.

0.0 — பால்பண்ணை வாசல். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு.
4.2 — தார் முடிகிறது. லாரி வந்தால் வாயை மூடு.
9 — ஏற்றம். பேசாதே.

பேச யார் இருக்கிறார்கள்.

பனிப்பாறைகள் ஒரு காலத்தில்
விஸ்கான்சினை இஸ்திரி போட்டுக்கொண்டே வந்து
இந்த மூலையை மட்டும் மறந்துவிட்டுப் போயின.
அந்த மறதியின் ஒவ்வொரு மடிப்பையும்
என் தொடை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது.
செயின் கடைசிப் பல்லில் ஏறிய பிறகும்
விரல் இன்னொரு பல்லைத் தேடுகிறது.
நேற்றுத்தான் புதுச் சரளை கொட்டியிருக்கிறார்கள்,
ஒவ்வொன்றும் புறா முட்டை.
பின்சக்கரம் அளைகிறது, நகரவில்லை.

இறக்கத்துக்கு ஒரே விதி:
கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும்,
குழியைப் பார்க்காதே.
குழியைப் பார்த்தேன்.
பல்லிடுக்கில் சுண்ணாம்புக் கல்லின் ருசி.

17.6 — இரும்புப் பாலம். பலகை ஈரமென்றால் இறங்கி நட.

பாலம் இல்லை.
இரண்டு கல்தூண்கள், ஒன்றின் மேல் ஒரு சாம்பல் கொக்கு.
ஆற்றுக்குப் பெயர் கெட்ட கோடாலி;
போன வெள்ளத்தில் பெயருக்கேற்ப நடந்திருக்கிறது.
ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி
சைக்கிளைத் தோளில் ஏற்றினேன்.
நடு ஆற்றில், தாழ்ந்து தொங்கிய பின்சக்கரத்தை
நீரே பிடித்துச் சுற்றியது.
டிக்டிக்டிக்டிக் —
யாரும் மிதிக்காமல்.

மறுகரையில் வைக்கோல் தொப்பி போட்ட ஆமிஷ் பையன்,
கையில் தூண்டில், வாளியில் இரண்டு மீன்.
வண்டி எவ்வளவு? என்றான்.
சொன்னேன்.
மிதவையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டான்.
அதுக்குக் குதிரையே வருமே.
குதிரைன்னா ஆத்தைத் தானே கடக்கும்.

பதில் ஒன்று அகப்பட்டது,
அதற்குள் நான்கு மைல் தாண்டியிருந்தேன்.

31 — சிவப்புக் களஞ்சியம். நாய் வரும். பேர் ஹெக்டர்.
வேகமாக மிதிக்காதே. பேர் சொல்லிக் கூப்பிடு. நின்றுவிடும்.

வந்தது,
மக்காச்சோளக் காட்டைக் கிழித்துக்கொண்டு.
ஹெக்டர் என்றேன்.
ஹெக்டர்! என்று கத்தினேன்.
பெயர் அதன் முதுகில் பட்டுத் தெறித்துப்
பள்ளத்தில் விழுந்தது.
கணுக்காலுக்கும் பல்லுக்கும் ஒரு சாண்.
குதித்திறங்கி, எங்களுக்கு நடுவில் சைக்கிளை நிறுத்தினேன்,
வேலிக்கு வேறு என்ன இருக்கிறது.

கறவைக் கொட்டகையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு லாவோன்.
ஹெக்டர் மார்ச்சுல போயிட்டான். பால் லாரி.
இது அவன் மக.
பேர்?
இன்னும் வைக்கலை.
நாற்பத்தெட்டு மாட்டுக்கு வெச்சாச்சு,
இவளுக்கு மட்டும் எதுவும் ஒட்ட மாட்டேங்குது.

ரப்பர் குழாயில் தண்ணீர் தந்தாள். இரும்பு வாசம், பல் கூசும் குளிர்.
மார்லிஸ் எங்கே? என்றாள்.
முழங்கால் என்றேன்.
அடடா. வரும்போதெல்லாம்
அவனுக்கு ஒரு துண்டு சாஸேஜ் கொண்டுவருவாளே.
தெருமுனையிலேயே மோப்பம் பிடிச்சு
உட்கார்ந்திருப்பான்.

தாளைப் பார்த்தேன்.
சாஸேஜ் தாளில் இல்லை.

களஞ்சியச் சுவரில் தாளை வைத்துத் திருத்தினேன்:
17.6 — பாலம் இல்லை. தொடையளவு தண்ணீர். வழுக்குப் பாசி.
31 — நாய். பெண். பேர் இல்லை. ஏதாவது தின்னக் கொண்டு போ.
ஹெக்டரை அடிக்கப் போய்
பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
அந்தப் பெண்நாய் என் முன்சக்கரத்தை
நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

34-க்கு நேரே எழுத்து இல்லை.
ஒரு கிறுக்கல், மேல்நோக்கி, பாதியில் அறுந்து.
மிதித்துக்கொண்டே எழுதப் பார்த்திருக்கிறாள்.

இப்போது அங்கேதான் இருக்கிறேன்.
ஷூவுக்குள் ஒரு கல்.
இறங்கி எடுக்கலாம்,
இறங்கினால் மறுபடி ஏறி உட்கார முடியாத சரிவு.