வலப்பக்கம், கீழ், நான்கு

மறுபடியும் வந்திருக்கிறார் செண்பகவடிவு.
மருந்துக் குப்பியின் மூடிக்குள்
பருப்பளவுகூட இல்லாத அடைப்பு.
"சத்தியமா கடிக்கல டாக்டர். ரொட்டிதான்.
அதையும் தே-ஓவுல நனைச்சேன்."
ரொட்டியின் மேல் குற்றமில்லை என்கிறேன்.
பீடோங் கடைவரிசை மாடியில்
என் ஏர்கோன் வாளிக்குள் சொட்டுகிறது.

பினாங்கில் முப்பத்தைந்து நாள்
வலைமுகமூடிக்குள் தலையைப் பூட்டிக் கிடந்தவர்.
அந்தக் கதிர் நாக்கடிக் கட்டியைத் தின்றது,
போகிற போக்கில் எச்சில் ஊற்றையும்.
பல்லைத் தொட்டதா?
தொட்டிருக்கிறது, வெளியே தெரியாமல்.
என் பசை இறங்கிப் பின்னிக்கொள்ளத் தேடும் நார்கள்
உள்ளே நைந்து கிடக்கின்றன,
துவைத்துத் துவைத்துப் போன சட்டைக்காலர்போல.

என்னிடமும் ஒரு கதிர் உண்டு.
நீலம். இருபது நொடி.
ஆரஞ்சுத் தகட்டின் வழியே பார்த்திருப்பேன்,
குழம்பாய் வைத்தது கல்லாகும்.
கல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை.
கல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருப்பதுதான்,
ஒரு தலைமயிரைப் பத்தாய் வகிர்ந்தால் கிடைக்கும் கனத்தில்.
அதற்குள் நீர் நுழையும்.
எல்லார் வாயிலும் நுழையும், ஆண்டுக்கணக்கில் நிதானமாக.
இவர் வாயில் அவசரம் அதற்கு.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது,
ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை.

"பிடுங்கிட்டா என்ன?" கண்ணால் கேட்கிறாள் உதவியாளர் ஃபாத்தின்.
புதியவள்.
கதிர் பட்ட தாடை அது, பிடுங்கிய குழி மூடாமலே போகலாம்.
தலையசைக்கிறேன். அவள் பஞ்சு எடுக்கிறாள்.
எச்சில் உறிஞ்சும் குழாய்
உறிஞ்ச ஒன்றுமில்லாமல் சீறுகிறது.

நாலாம் தடவை.
முதல் அடைப்பு கதிருக்கு முன்பு வைத்தது,
மற்ற மூன்றும் பின்பு.
"இதுவும் ரொம்ப நாள் நிக்காதும்மா, மன்னிச்சிருங்க."
பஞ்சைத் துப்பிவிட்டு,
போத்தலில் ஒரு மிடறு குடித்துவிட்டு,
செம்பனை மில்லில் எடைபோடும் அந்த அம்மா சொன்னார்:

"எங்க எடைப்பாலத்துக்கு
வருசா வருசம் ஆளு வந்து முத்திரை குத்துவான்.
முப்பது டன் லோரி ஏறி ஏறி
அது கொஞ்சம் பொய் சொல்லத்தான் செய்யும்.
அதுக்காக யாராச்சும் பாலத்தைப் பேத்துப் போட்டாங்களா?
அடுத்த தேதி எப்போன்னு சொல்லுங்க."

மூன்று மாதம் என்று எழுதினேன்.
தொண்ணூறு வெள்ளி. எழுபது வாங்கினேன்.
விழுந்த அடைப்பைக் குப்பையில் போடப் போனேன்,
கை நீட்டினார்.
எதற்கு என்று கேட்கவில்லை.
அவர் பாலத்தில் அதை வைத்தால் ஓர் எண்ணும் நகராது.

சன்னலுக்கு வெளியே
முச்சந்தியில் திரும்புகிறது குலை ஏற்றிய லோரி.
உதிர்பழம் ஒன்று துள்ளித் தாரில் விழுகிறது.
நன்றாகப் பழுத்த குலைதான் விடும்.
பின்னால் வந்த மோட்டார்சைக்கிள் அதன் மேல் ஏறிப் போனது.
படியிறங்கிய செண்பகவடிவு
அந்த மஞ்சள் எண்ணெய்ப் பொட்டைத் தாண்டி,
வலப்பக்கமாக மெல்லக் கூடாது என்று நான் சொன்னதை
விரல்விட்டு எண்ணிக்கொண்டு,
பஸ்ஸுக்கு நடக்கிறார்.